அசோக் குமாரின் முகவரி

இணையத்தில் முகம் தெரியாமல் இயங்கும் ஒருவரின் பெயரை, அவருக்கே தெரியாமல் இன்னொருவர் நீதிமன்றத்தின் வழியாகப் பெற முடிகிறது. இதற்கான சட்ட வழி கோழித் தீவனத்தில் கலக்கும் ஒரு மருந்திலிருந்து தொடங்கியது. ஃபுராசோலிடோன் என்ற அந்த நுண்ணுயிர்க்கொல்லிக்கு நார்விச் ஃபார்மகல் என்ற அமெரிக்க நிறுவனம் பிரிட்டனில் காப்புரிமை வைத்திருந்தது. அதன் அனுமதி பெறாத சிலர் அதே மருந்தை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. சரக்கை இறக்கியபோது தாள்களை வாங்கிவைத்த சுங்கத் துறைக்குத் தெரியும். வணிகர்கள் நம்பிக் கொடுத்த தகவலை வெளியே தர முடியாது என்று சுங்கத் துறை மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டில் தோற்று, கடைசியில் பிரபுக்கள் அவைக்குப் போனது. 1973இல் அந்த அவை நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறர் செய்யும் தவறில் தானறியாமல் சிக்கி, அது நடப்பதற்கு வழியாகிவிட்ட ஒருவர், தவறு செய்தவர் யார் என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அதன் சாரம். இன்று இணையச் சேவை நிறுவனங்களிடமும் சமூக ஊடகங்களிடமும் பயனரின் விவரங்களைக் கேட்கும் வழக்குகள் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா எங்கும் இந்தக் கொள்கையைத்தான் ஏதோ ஒரு வடிவில் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

அந்தத் தீர்ப்பில் பிழை காண என்னால் முடியவில்லை. ஆனால் அது எந்தத் தரையில் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். காப்புரிமை பெற்ற மருந்து அனுமதியின்றி நாட்டுக்குள் வந்ததில் ஐயமே இல்லை. சுங்கத் தாளில் எழுதியிருந்த பெயர் சரக்கைத் தருவித்தவரின் பெயர்தான். அதிலும் குழப்பம் இல்லை. வெளியே வந்ததும் ஒரு வணிகரின் இறக்குமதிக் கணக்குதான், அவர் இரவில் என்ன படித்தார், எதைப் பார்த்தார் என்ற செய்தி இல்லை. இணையத்துக்கு வந்தபோது இந்த மூன்று உறுதிகளும் கழன்றுவிட்டன. திறவுகோல் மட்டும் அப்படியே கைமாறியது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ முயல்வது ஒன்றைத்தான். அடையாளத்தை வெளியிடச் சொல்லும் உத்தரவு வழக்கின் வாசலில் நடக்கும் சிறு ஏற்பாடுபோலத் தோன்றினாலும், யாருடைய அடையாளம் கேட்கப்படுகிறதோ அவரைப் பொறுத்தவரை அதுவே இறுதித் தீர்ப்பு. தடையாணை தவறாக வழங்கப்பட்டிருந்தால் விலக்கிக்கொள்ளலாம். ஒருமுறை சொல்லப்பட்ட பெயரைச் சொல்லப்படாததாக்க எந்த மேல்முறையீட்டாலும் ஆகாது. ஆகவே அதற்கான ஆதாரமும் நடைமுறையும் இறுதித் தீர்ப்புக்குரிய கனத்தோடு இருக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் இன்று அந்தக் கனம் இல்லை.

முதலில் ஐபி முகவரியைப் பார்ப்போம். பதிப்புரிமை வழக்குகளில் வாதியின் கையில் பெரும்பாலும் இருப்பது இது ஒன்றுதான். இன்ன நாள், இன்ன நொடியில், இன்ன முகவரியிலிருந்து இன்ன திரைப்படத்தின் ஒரு துண்டு பகிரப்பட்டது என்று கண்காணிப்பு மென்பொருள் ஒன்று குறித்துவைத்திருக்கும். அந்த எண்ணைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்தால் சந்தாதாரரின் பெயர் கிடைக்கும். ஆனால் சந்தா கட்டுபவரும் படத்தைப் பகிர்ந்தவரும் ஒருவரே என்று அந்த எண் சொல்வதில்லை. ‘தி காப்ளர்’ என்ற ஹாலிவுட் படத்தின் உரிமையாளர்கள் ஆரிகான் மாநிலத்தில் தொடுத்த வழக்கில் இது பளிச்சென்று வெளிப்பட்டது. ஐபி முகவரி காட்டிய இணைப்பு, பராமரிப்பு தேவைப்படும் பெரியவர்களைத் தங்கவைக்கும் ஓர் இல்லத்தினுடையது. அங்கே தங்கியிருந்தவர்களும் வந்துபோனவர்களும் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். சந்தாதாரர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைப் பதிப்புரிமையை மீறியவராகக் கொள்ள முடியாது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கனடாவின் உச்ச நீதிமன்றமும், வேறொரு கேள்வியை ஆராயும் வழியில், இதே எச்சரிக்கையைச் சொன்னது. நம் நாட்டுக்கு வந்தால் ஐயம் இன்னும் பெருகும். ஐபி முகவரிகளின் பழைய தலைமுறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. அவை போதாமல், கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்கு ஒரே நேரத்தில் பங்கிட்டுக் கொடுக்கின்றன. எந்த இணைப்பு எண், எந்த நொடி என்ற நுணுக்கமான பதிவு இல்லாவிட்டால் ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கும். அந்தப் பதிவு சரியாக இருந்து, ஒரே சந்தாதாரர் கிடைத்தாலும், அப்பாவின் பெயரில் வாங்கிய சிம் மகளின் கையில் இருக்கிறது. வீட்டு வைஃபையின் கடவுச்சொல் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது.

அதனால் என்ன, பெயரை வாங்கிக்கொண்டு பிறகு விசாரணையில் உண்மையை நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விசாரணை நடக்குமென்றால் இதை ஒப்புக்கொள்ளலாம். நடப்பதில்லை என்பதே கடந்த 20 ஆண்டுகளின் பட்டறிவு. அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 512ஆவது பிரிவு, நீதிபதியின் பார்வைக்கே போகாமல், நீதிமன்ற எழுத்தரின் முத்திரையோடு பயனரின் பெயரைக் கேட்டுப் பெறும் வழியைத் திறந்தது. ஒரே நாளில் 600க்கும் மேற்பட்ட பாடல்களை இறக்கிய ஒருவரின் பெயரைத் தருமாறு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2002இல் வெரைசன் நிறுவனத்திடம் கேட்டது. வெரைசன் மறுத்து வழக்காடியது. முதல் நீதிமன்றத்தில் தோற்றது. 2003 டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்றது. கோப்புகளைத் தன்னிடம் சேமித்துவைக்காமல் வெறும் தடமாக மட்டும் இருக்கும் சேவை நிறுவனத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்பது தீர்ப்பு. இடைப்பட்ட மாதங்களில் அதே குறுக்கு வழியில் பெயர்கள் குவிந்துவிட்டன. 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குப் போடப்பட்டது. நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களில் அடக்கம். அவளுடைய தாய் 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். மாசசூசெட்ஸில் 66 வயதுப் பெண்மணி ஒருவர், கஸா என்ற மென்பொருள் மூலம் ராப் பாடல்களைப் பகிர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவர் வைத்திருந்தது மெக்கின்டாஷ் கணினி. அந்த மென்பொருள் அதில் ஓடவே ஓடாது. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2008இல் இந்த முயற்சி கைவிடப்படும்வரை 30,000க்கும் மேற்பட்டோர் இப்படிக் குறிவைக்கப்பட்டார்கள். விசாரணை முடிந்து தீர்ப்புவரை போனவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள், தவறு செய்தவர்களும் செய்யாதவர்களும், வக்கீல் கட்டணத்தைவிடச் சமரசத் தொகை குறைவு என்பதால் பணத்தைக் கட்டினார்கள்.

பெயர்ப் பட்டியலே ஒரு சரக்காகிவிடும் என்பதற்கு லண்டனில் நடந்தது சாட்சி. ஏ.சி.எஸ். லா என்ற வழக்கறிஞர் நிறுவனம், கோழி மருந்து வழக்கின் பெயரைத் தாங்கிய அதே நார்விச் ஃபார்மகல் உத்தரவுகளின் மூலம் ஆயிரக்கணக்கான பிராட்பேண்ட் சந்தாதாரர்களின் பெயர்களையும் முகவரிகளையும் பெற்று, பணம் கேட்டுக் கடிதம் அனுப்பிவந்தது. பல கடிதங்கள் ஆபாசப் படங்களைப் பற்றியவை. 2010 செப்டம்பரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி அந்த நிறுவனத்தின் தளம் நிலைகுலைந்தபோது மின்னஞ்சல் கோப்புகள் வெளியே கொட்டின. இன்னார், இன்ன தெரு, இன்ன படம் என்று பெயர்கள் உலகம் பார்க்கக் கிடந்தன. குறைந்தது 6,000 பேர் பாதிக்கப்பட்டதாகப் பிரிட்டனின் தகவல் ஆணையர் கண்டறிந்தார். அவர்களில் ஒருவர் மீதாவது குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்ற கேள்விக்கே இடமின்றி எல்லோருடைய மானமும் சந்தைக்கு வந்துவிட்டது. நிறுவனம் ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததால், ஆணையர் விதித்த அபராதம் வெறும் 1,000 பவுண்டு. அமெரிக்காவின் பிரெண்டா வழக்கறிஞர் குழு இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. தாங்களே ஆபாசப் படங்களைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவைத்து, இறக்கியவர்களின் பெயர்களை நீதிமன்றம் வழியாக வாங்கி, வெளியே சொல்லாமலிருக்கப் பணம் கேட்டார்கள். 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்த பிறகுதான் பிடிபட்டார்கள். 2019இல் முதன்மையானவருக்கு 14 ஆண்டுகளும் கூட்டாளிக்கு 5 ஆண்டுகளும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு மோசடிக் கும்பலைக் காட்டி முழுச் சட்டத்தையும் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள், அந்தக் கும்பல் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே நுழையவில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். வாசல் அவர்களுக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது. கேட்டால் பெயர் கிடைக்கும், அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற இரண்டையும் நம்பித்தான் அந்தத் தொழிலே நடந்தது.

யாராவது கேள்வி கேட்டால் என்ன ஆகும்? இதற்கு ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய ஒரு சோதனையே நடந்திருக்கிறது. ‘டல்லாஸ் பையர்ஸ் கிளப்’ படத்தின் உரிமையாளர்கள் 4,726 ஐபி முகவரிகளுக்குரிய பெயர்களைக் கேட்டு ஐஐநெட் முதலிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் நீதிபதி பெர்ரம் பெயர்களைக் கொடுக்கச் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: சந்தாதாரருக்கு அனுப்பப்போகும் கடிதத்தை முதலில் தன்னிடம் காட்ட வேண்டும். கடிதத்தின் வரைவு வந்ததும், படத்தின் விலையும் வழக்குச் செலவில் நியாயமான பங்கும் கேட்கலாம், அதற்கு மேலே போகும் கணக்குகளை ஏற்க முடியாது என்றார். சொல் தவறாமலிருப்பதற்குப் பிணையாக 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைக் கட்டும்படியும் சொன்னார். நிபந்தனைகளைத் தளர்த்த உரிமையாளர்கள் முயன்றார்கள், முடியவில்லை. 2016 பிப்ரவரியில் வழக்கையே கைவிட்டுப் போனார்கள். உரிமை மீறப்பட்டது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை, பெயர் தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நியாயமான இழப்பீட்டை மட்டும் கேள் என்றது. அந்த அளவுக்குச் சுருங்கியதும் வழக்கு வேண்டாததாகிவிட்டது. 2012இல் லண்டனிலும் நீதிபதி ஆர்னால்ட், கோல்டன் ஐ வழக்கில், ஒவ்வொருவரிடமும் 700 பவுண்டு கேட்கவிருந்த கடிதத்தை ஏற்க மறுத்து, சந்தாதாரர்களின் அந்தரங்க உரிமையையும் தராசில் வைத்தார். நீதிபதி ஒரு நிமிடம் நின்று, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்கிறது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பணம் பறிப்பதாவது பணத்தோடு முடிகிறது. வாயை அடைக்கப் பதிப்புரிமை பயன்படும்போது சேதம் பெரிது. 2020இல் ட்விட்டரில் முகம் காட்டாத ஒரு கணக்கு, அமெரிக்க முதலீட்டுக் கோடீஸ்வரர் ஒருவரின் சொகுசு வாழ்க்கையை விமர்சித்து, 6 பதிவுகளில் 6 புகைப்படங்களை வெளியிட்டது. அந்தப் படங்களின் பதிப்புரிமை தன்னுடையது என்று யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு நிறுவனம் முன்வந்து, 512ஆவது பிரிவின்படி கணக்கை நடத்துபவரின் பெயரைக் கேட்டது. ட்விட்டர் எதிர்த்தது. பெயரைக் கொடுக்கச் சொல்லி முதலில் உத்தரவும் வந்தது. 2022 ஜூனில் நீதிபதி சாப்ரியா அதை ரத்து செய்தார். விமர்சனத்துக்காகப் படங்களை எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்றும், அந்த நிறுவனத்துக்கும் விமர்சிக்கப்பட்டவருக்கும் என்ன தொடர்பு என்பது விளங்காத நிலையில் பேசியவரைக் காட்டிக்கொடுப்பது பேச்சுரிமைக்கு ஆபத்து என்றும் கருதினார். அவதூறு என்று வழக்குப் போட்டிருந்தால் பொய் எது என்று காட்ட வேண்டியிருந்திருக்கும். பதிப்புரிமை என்று சொன்னதால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு புகைப்படம் போதுமாக இருந்தது. தன் கம்பெனியைப் பற்றி, தன் ஊர்ப் பெரிய மனிதரைப் பற்றி, தன் கட்சித் தலைவரைப் பற்றி முகம் காட்டாமல் எழுதும் எவரும் ஒரு படத்தையோ ஆவணத்தையோ இணைக்காமல் எழுதுவதில்லை. அந்த இணைப்பே அவரைப் பிடிக்கும் கொக்கியாக முடியும்.

ஐரோப்பா இந்த முடிச்சோடு நீண்ட நாள் மல்லாடியிருக்கிறது; முடிவு இன்னும் தெளிவாகவில்லை. ஸ்பெயினின் இசை உற்பத்தியாளர் சங்கம் டெலிஃபோனிகாமீது தொடுத்த வழக்கில், உரிமையியல் வழக்குக்காகப் பயனரின் விவரங்களைக் கொடுக்கும்படி உறுப்பு நாடுகளை ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, இரு உரிமைகளுக்கும் இடையே நியாயமான சமநிலை காண வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொன்னது. எல்லாப் பயனர்களின் போக்குவரத்தையும் சலித்துப் பார்க்கும் ஏற்பாட்டை, பெல்ஜியத்தின் சபாம் வழக்கில் 2011இல் நிராகரித்தது. பெயர் கேட்கும் கோரிக்கை நியாயமானதாகவும் அளவுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும், துஷ்பிரயோகமாக இருக்கக்கூடாது என்று 2021இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. பிரான்ஸ் 2009இல் ஹடோபி என்ற அமைப்பை உருவாக்கி, எச்சரிக்கைகளையும் மீறி மூன்றாம் முறை பிடிபட்டவரின் இணைய இணைப்பையே துண்டிக்கும் அதிகாரத்தை அதனிடம் கொடுக்க முயன்றது. நீதிபதி இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்று அந்நாட்டு அரசமைப்புக் குழு தடுத்துவிட்டது. ஆனால் 2024 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் முழு அமர்வு, பதிப்புரிமை மீறல் போன்ற சிறிய குற்றங்களுக்கும் ஐபி முகவரிக்குரிய பெயரை ஹடோபி போன்ற நிர்வாக அமைப்பு பெறலாம் என்று அனுமதித்தது. அந்தரங்க உரிமைக்காகப் போராடியவர்கள் இதைப் பின்னடைவாகப் பார்த்தார்கள். அவர்கள் பார்வை சரிதான் என்பது என் கருத்து. ஆனாலும் அந்தத் தீர்ப்பிலும் ஒரு வேலி உண்டு. பெயர் விவரங்களையும் இணையப் பதிவுகளையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். ஒருவர் மூன்றாம் கட்டத்துக்கு வந்து, அவருடைய பெயரையும் அவர் பகிர்ந்த படைப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் முன் நீதிமன்றமோ சுதந்திரமான அமைப்போ அதைச் சரிபார்க்க வேண்டும். பெயரும் படைப்பும் சேரும் இடத்தில்தான் ஒரு மனிதரின் மனம் வெளியே தெரிகிறது என்ற புரிதல் அதில் இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் புரிதல் எங்கே நிற்கிறது? முகம் தெரியாத பிரதிவாதியை ஆங்கிலேயர் ஜான் டோ என்பார்கள். நம் நீதிமன்றங்கள் அவருக்கு அசோக் குமார் என்று பெயர் வைத்தன. இந்தப் பெயர் பரவலாகத் தெரியவந்ததற்குத் தமிழ்ப் படங்களுக்கும் பங்குண்டு. 2012இல் ‘3’ படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் கொண்டு சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மே மாதத்தில் முடக்கின. திருட்டுப் பிரதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத லட்சக்கணக்கான காணொளிகளும் சேர்ந்து மறைந்தன. ஜூன் 22 அன்று நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தி, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே முடக்கலாம் என்றது. தளத்தை முடக்குவதில் அளவு வேண்டும் என்ற பாடத்தை அப்போதே கற்றுக்கொண்டோம். ஆளை வெளிக்காட்டுவதிலும் அளவு வேண்டும் என்ற பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தக் கேள்வி நேருக்கு நேர் எழுந்தது டெல்லி உயர்நீதிமன்றத்தின் டெலிகிராம் வழக்கில். போட்டித் தேர்வுகளுக்கான ஆங்கில நூல்களை எழுதிப் பயிற்சி மையமும் நடத்தும் நீத்து சிங், தன் நூல்களும் பாட வகுப்புகளும் டெலிகிராம் சேனல்களில் அனுமதியின்றி விற்கப்படுவதாக வழக்குத் தொடுத்தார். ஒரு சேனலை முடக்கினால் இன்னொன்று முளைத்தது. சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைத் தரும்படி 2022 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதி பிரதிபா சிங் உத்தரவிட்டார். சர்வர்கள் சிங்கப்பூரில் இருப்பதால் அந்நாட்டுத் தரவுச் சட்டம் தடுக்கிறது என்ற டெலிகிராமின் வாதத்தை, அந்தச் சட்டத்திலேயே நீதிமன்ற நடவடிக்கைக்கு விலக்கு இருப்பதைக் காட்டி ஒதுக்கினார். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அளித்த புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியது உண்மைதான்; ஆனால் சட்டத்தின் ஆதரவும் தேவையும் இருந்து, அளவு மீறாதவரை, அந்தரங்கத்தைக் காட்டி வெளிப்படுத்த மறுக்க முடியாது என்பது அவருடைய முடிவு. நவம்பரில் சேனல் நிர்வாகிகளின் பெயர், கைபேசி எண், ஐபி முகவரி ஆகியவை சீல் வைத்த உறையில் வந்தன. வழக்குக்கு வெளியே யாருக்கும் தரக்கூடாது, காவல்துறைக்கும் அரசு அமைப்புகளுக்கும் மட்டும் தரலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த வழக்கில் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. பிறருடைய உழைப்பை விலைக்கு விற்கும் சேனலை நடத்துபவருக்கு, தன் பெயரை மறைத்துவைக்கும் உரிமை பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே தவறும் உறுதி. சேனலை நடத்தியவர்தான் தவறு செய்தவர் என்பதும் ஏறக்குறைய உறுதி. கோழி மருந்து வழக்குக்கு மிக அருகில் இது நிற்கிறது. என் கவலை, இதிலிருந்து அடுத்த வழக்கு எதை எடுத்துக்கொள்ளும் என்பதுதான். பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, ஆகவே சட்டத்தின் ஆதரவு இருக்கிறது என்று சொல்லிவிட்டால், எந்தப் பதிப்புரிமை வழக்கும் முதல் படியைத் தானாகவே தாண்டிவிடும். அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் பயனரின் அடையாளத்தை எப்போது, எவ்வளவு ஆதாரத்தின் பேரில், யாருக்குச் சொல்லிவிட்டு வெளியிடலாம் என்று பேசவில்லை. அளவு என்ற சொல் தீர்ப்பில் இருக்கிறது; அதை அளக்கும் கோல் இல்லை. ஒரு சுவரைக் கட்டாதே என்று தடுக்கும் உத்தரவுக்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளை எதிர்த் தரப்புக்கு முன்கூட்டியே தகவல் தரச் சொல்கிறது; அவசரத்தில் தர முடியாமற்போனால் நீதிபதி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பிறகு நீக்கிக்கொள்ளக்கூடிய தடைக்கு இத்தனை கவனம் இருக்க, நீக்கவே முடியாத ஒரு வெளிப்படுத்தலுக்கு இணையான ஒரு வரிகூட நம் சட்டத்தில் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகாத வழியும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவிலான குற்றம், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்படி காவல்துறை தானே விசாரிக்கலாம். விசாரிக்கும் காவல் நிலைய அதிகாரி, ஆவணத்தைக் கொடு என்று எழுத்தில் கேட்கும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவுக்கு அப்படியே வந்திருக்கிறது. ஆக, ஒரு புகைப்படத்தின் உரிமையாளர் உயர்நீதிமன்றப் படியேறாமல், காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தே விமர்சகரின் முகவரியை நோக்கி நகர முடியும். ட்விட்டர் வழக்கில் நீதிபதி சாப்ரியா எழுப்பிய கேள்விகளை அந்த அறையில் யார் எழுப்புவார்?

இவ்வளவையும் சரிசெய்திருக்க வேண்டிய சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 17ஆவது பிரிவின் முதல் விலக்கைப் படித்துப் பாருங்கள். ஒரு சட்ட உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டத் தேவைப்படும் தரவுச் செயல்பாட்டுக்கு, அறிவிப்பு, ஒப்புதல், தரவை அழிக்கக் கோரும் உரிமை எதுவும் பொருந்தாது. தரவைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு போன்ற ஓரிரு கடமைகள் மட்டும் மிஞ்சுகின்றன. நிலைநாட்டப்படும் உரிமை உண்மையானதா, தேவை உண்மையானதா என்பதை முதலில் முடிவு செய்வது தரவைக் கையில் வைத்திருப்பவரே. எதிர்த் தரப்பின் நலனை எடைபோட வேண்டும் என்ற சொல்லும் அந்த விலக்கில் இல்லை. ஐரோப்பாவிலும் சட்டக் கோரிக்கைக்கு விலக்குகள் உண்டு. ஆனால் நியாயமான நலன் என்ற பெயரில் ஒருவர் தரவைக் கேட்கும்போது மற்றவரின் உரிமையோடு அதை எடைபோட்டே தீர வேண்டும். நம் சட்டம் ஏ.சி.எஸ். லா போன்ற ஒரு நிறுவனம் இங்கே தொடங்கினால், பட்டியலைப் பூட்டிவை என்று மட்டும் சொல்லும். பட்டியலை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்காது.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் வலுவானது படைப்பாளியின் பக்கத்திலிருந்து வருகிறது. படம் வெளியான அன்று மாலையே திருட்டுப் பிரதி கைபேசிக்கு வந்துவிடும் ஊர் இது. சிறு பதிப்பகத்தின் நூல் பிடிஎஃப்பாகக் குழுக்களில் சுற்றும்போது முதல் பதிப்பே விற்காமல் கிடக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் தனி ஆதாரம், தனி அறிவிப்பு என்று கேட்டால், பெரிய ஸ்டுடியோ தாக்குப்பிடிக்கும், சிறு எழுத்தாளரால் முடியாது; அந்தரங்கத்தின் பெயரில் திருடனுக்குத் திரை கட்டுவதாகிவிடும் என்கிறார்கள். இந்த வலியை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் மொத்தமாகப் பெயர் கேட்ட வழக்குகளைத் தொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். இசைத்தட்டுப் பெருநிறுவனங்கள், படங்களின் உரிமையை வாங்கிவைத்த கம்பெனிகள், சமரசப் பணத்தில் பங்கு எடுக்கும் வழக்கறிஞர்கள். சிறு எழுத்தாளருக்கு வேண்டியது தன் நூலை விற்றுக் காசு பார்க்கும் நாலைந்து பேரின் பெயர்தான். இறக்கிப் படித்த நாலாயிரம் பேரின் பெயர் அவருக்கு எதற்கு? விற்பவரையும் பெருமளவில் ஏற்றுபவரையும் குறிவைக்கும் வழக்கில் ஆதாரம் காட்டுவது கடினமல்ல. நீத்து சிங்கால் காட்ட முடிந்தது. நான் கேட்கும் கட்டுப்பாடு அவரைத் தடுத்திருக்காது. 4,726 முகவரிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வருபவரைத்தான் தடுக்கும்.

முன்கூட்டியே தகவல் சொன்னால் ஆள் தப்பிவிடுவார், கோப்புகளை அழித்துவிடுவார் என்பது இன்னொரு வாதம். சேவை நிறுவனத்திடம் உள்ள பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி நீதிமன்றம் முதலிலேயே சொல்லிவிடலாம். பயனரின் பெயரை அறிந்திருப்பது அந்த நிறுவனமே ஆதலால், அறிவிப்பை அதன் வழியாகவே அனுப்பலாம். பெயர் வெளியே வராமலே அவர் ஒரு வழக்கறிஞர் மூலம் எதிர்ப்பைச் சொல்லலாம். ட்விட்டர் வழக்கில் பயனரின் பக்கத்தைப் பேச ட்விட்டருக்குப் பணமும் மனமும் இருந்தது. எல்லா நிறுவனத்துக்கும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. யாரும் வராத வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவ ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: லண்டனில் பெயர் கொட்டப்பட்ட 6,000 பேரில் மடியில் எதுவும் இல்லாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைத் தனியே பிரித்துக்காட்ட எந்த நடைமுறையும் அன்று இருக்கவில்லை.

நாடாளுமன்றம் 17ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அறிவுசார் சொத்துரிமை வழக்குகளுக்கென்று டெல்லி உயர்நீதிமன்றம் தனிப் பிரிவும் தனி விதிகளும் வகுத்தது. சென்னை உயர்நீதிமன்றமும் 2023இல் அதைச் செய்தது. தன் மூல உரிமையியல் அதிகாரத்தில் நடைமுறை விதி வகுக்கும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்றத்துக்கு உண்டு. ஒரு பயனரின் அடையாளத்தைக் கேட்பவர் ஒவ்வொரு கணக்கையும் பற்றித் தனித்தனியே முதல்நோக்கு ஆதாரம் காட்ட வேண்டும், பெயரைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதை உறுதிமொழியாகத் தர வேண்டும், அனுப்பப்போகும் நோட்டீஸை நீதிமன்றத்திடம் முதலில் காட்ட வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும், வழக்கு முடிந்ததும் பட்டியலை அழித்ததற்குச் சான்று தர வேண்டும் என்று அந்த விதிகளில் ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும். முழுத் தளத்தை முடக்காதே, இணைப்பை மட்டும் முடக்கு என்று 2012இல் தன் உத்தரவைத் தானே திருத்திக்கொண்ட நீதிமன்றம் அது. அசோக் குமார் யார் என்று கேட்பதற்கு முன், அவர் பக்கத்தையும் கேட்கும் விதியை அது எழுத வேண்டும்.